பட்டியல் பெட்டிக்குள் நசுங்கும் தமிழ்



தமிழ்ப்பள்ளிகளுக்கென விற்கப்படும் கணினி மென்பொருள்கள் சிலவற்றைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். மாணவர் பெயர், பயிற்சிச் சொற்கள், பாடத் தலைப்புகள் எனப் பலவும் அவற்றில் பட்டியல் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருக்கும். பெட்டிக்கு வண்ணம் உண்டு, நிழல் உண்டு, வரிக்கு வரி பட்டாம்பூச்சிப் படமும் உண்டு. ஆனால் 'கண்ணன்' என்னும் பெயரில் புள்ளிகளைக் காணோம். வரியின் உயரம் போதாமல் அவை வெட்டுப்பட்டிருக்கின்றன. 'கணணன' என்று எந்தத் தாயும் தன் பிள்ளைக்குப் பெயர் சூட்டவில்லை.

இதை அழகுக் குறை என்று ஒதுக்க முடியாது. 'கி'க்கும் 'கீ'க்கும் உள்ள வேறுபாடு எழுத்தின் உச்சியில் இருக்கிறது. 'பு'வுக்கும் 'பூ'வுக்கும் உள்ள வேறுபாடு அடியில் இருக்கிறது. 'பல்', 'பல' என்னும் இரண்டு சொற்களைப் பிரிப்பது ஒரே ஒரு புள்ளி. மேலே சற்று வெட்டினால் மெய் உயிர்மெய்யாகிறது. கீழே சற்று வெட்டினால் நெடில் குறிலாகிறது. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குக் குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்ட நாம் படாத பாடு படுகிறோம். அதே பிள்ளையின் முன்னால் அவ்வேறுபாட்டை அழித்துக் காட்டும் திரையை வைத்தால், நம் உழைப்பு என்னாவது?

கேட்டால், "கணினி அப்படித்தான் காட்டுகிறது" என்கிறார்கள். இந்த விடையை நான் ஏற்கவில்லை. விண்டோஸ் ஃபார்ம்ஸ் முறையில் எழுதப்படும் மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். பட்டியல் பெட்டி தன் வரி உயரத்தைத் தனக்குச் சூட்டப்பட்ட எழுத்துருவிலிருந்து கணக்கிடுகிறது. அது பெரும்பாலும் ஆங்கிலத்துக்கான எழுத்துரு. தமிழ் வரும்போது விண்டோஸ், லதா அல்லது நிர்மலா போன்ற வேறோர் எழுத்துருவை இரவல் வாங்கி வரைகிறது. அளவெடுத்தது ஒருவருக்கு, சட்டை போடுவது வேறொருவருக்கு! பிறகு தமிழ் பிதுங்காமல் என்ன செய்யும்?

இதற்குத் தீர்வு இல்லாமலும் இல்லை. 2002ஆம் ஆண்டு டாட்நெட் வெளிவந்தபோதே பட்டியல் பெட்டிக்கு 'டிராமோட்' என்னும் பண்பு இருந்தது. அதில் மூன்று தெரிவுகள். 'நார்மல்' என்றால் விண்டோஸே வரையும். 'ஓனர்டிராஃபிக்ஸ்ட்' என்றால் நிரலாளர் வரைவார். எல்லா வரிக்கும் ஒரே உயரம். 'ஓனர்டிராவேரியபிள்' என்றால் ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு உயரம் வேண்டும் என்று 'மெஷர்ஐட்டம்' நிகழ்வின் வழியே கணினி நிரலாளரைக் கேட்கும். அங்கே தமிழ்ச் சொல்லைத் தமிழ் எழுத்துருவில் அளந்து விடை சொன்னால் போதும். டாட்நெட்டுக்கு முந்திய விண்டோஸ் நிரலாக்கத்திலும் இந்த வசதி இருந்தது. ஆக, வசதி இருக்கிறது. அதைப் பட்டாம்பூச்சி வரைவதற்குப் பயன்படுத்துகிறார்கள், புள்ளியைக் காப்பதற்குப் பயன்படுத்துவதில்லை.

வரைவதைத் தம் கையில் எடுத்துக்கொண்டவர்களுக்கு வேறு கடமைகளும் உண்டு. தேர்ந்தெடுத்த வரியின் பின்னணியையும், விசைப்பலகையால் நகரும்போது நிற்குமிடத்தைக் காட்டும் புள்ளிக் கட்டத்தையும் அவர்களே வரைய வேண்டும். பலர் அந்தக் கட்டத்தை விட்டுவிடுகிறார்கள். சுட்டியைப் பிடிக்கச் சிரமப்படும் பிள்ளைக்குத் தான் எந்த வரியில் நிற்கிறோம் என்பதே தெரியாது. சரியான விடைக்குப் பச்சை, தவறுக்குச் சிவப்பு என்று வண்ணத்தை மட்டும் நம்புவதும் பிழை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பிள்ளைகள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் ஆண்பிள்ளைகள். வண்ணத்தோடு 'சரி', 'தவறு' என்னும் சொல்லையும் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

இன்னொரு கொடுமை, நீண்ட பெயரை இடையில் வெட்டி மூன்று புள்ளி வைப்பது. யூனிகோடில் 'செல்வி' என்பது மூன்று எழுத்து. ஆனால் ஆறு குறியீடு. ஐந்தாவது குறியீட்டோடு நிறுத்தினால் 'செல்வ...' என்று நிற்கும். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் முழு எழுத்தின் எல்லையில் வெட்ட வேண்டும். 'முத்துலட்சுமி'க்கு இடம் போதாவிட்டால் பெட்டியை அகலமாக்குங்கள், பெயரைக் குறுக்காதீர்கள்.

"எழுத்தைச் சிறிதாக்கினால் அடங்கிவிடுமே" என்பார்கள். ஏழு வயதுப் பிள்ளை கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டுமா? "பெயரை ரோமன் எழுத்தில் போட்டுவிடலாமே" என்றும் சொல்வார்கள். தமிழ்ப்பள்ளியின் திரையில் தமிழ்ப் பெயருக்கு இடமில்லை என்றால், வேறெங்கே இருக்கும்? "ஒவ்வொரு வரியையும் அளந்தால் வேகம் குறையும்" என்பது மட்டும் ஓரளவு நியாயமான வாதம். ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட பட்டியலுக்கு அது பொருந்தலாம். நம் வகுப்பில் இருப்பவர்கள் முப்பது பேர்.

குற்றம் நிரலாளர் மீது மட்டுமன்று. பளபளப்பைப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். ஆகவே ஆசிரியர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, அடுத்த முறை மென்பொருள் விற்க ஒருவர் வந்தால் விளக்கப்படத்தை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். பட்டியலில் 'கண்ணன்', 'கீரை', 'பூ', 'முத்துலட்சுமி' ஆகிய நான்கு சொற்களை உள்ளிடுங்கள். திரையின் அளவை 150 விழுக்காட்டுக்கு உயர்த்தி மீண்டும் பாருங்கள். சுட்டியைத் தொடாமல் அம்புக்குறி விசைகளால் மேலும் கீழும் நகருங்கள். புள்ளியும் கொக்கியும் முழுமையாகத் தெரிந்தால், நிற்கும் வரி விளங்கினால், விலை பேசுங்கள். இல்லையேல், திருத்திக்கொண்டு வருமாறு சொல்லித் திருப்பி அனுப்புங்கள். பள்ளிப் பணம் பெற்றோர் பணம். கேட்கும் உரிமை நமக்கு உண்டு.