மானியம் பிச்சையல்ல, பங்கு

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் வெளிச்சம். அந்த வெளிச்சம் எட்டாத ஒரு சேரியில் நான் பாடம் நடத்தும் இரவுப் பள்ளிக்கு கரண்ட் பில் கட்டக் காசில்லை.

மானியம் கேளுங்கள் என்றார்கள். கேட்டோம். மூணு வருசத் தணிக்கைக் கணக்கு கொண்டா என்றது ஒரு அலுவலகம். ஆடிட்டர் வைக்க வசதியிருந்தா, ஒங்கிட்ட நான் இன்னாத்துக்கு வரேன்?

வெளிநாட்டுப் பணமா? ஒரு நிறுவனம் வாங்கியதை இன்னொன்றுக்குத் தரக் கூடாதென்று 2020 சட்டத் திருத்தம் தடுத்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் வழியாகச் சின்ன அமைப்புகளுக்குச் சொட்டியதும் நின்றது.

அரசிடம் பணமில்லையா? மக்கள்தொகையில் நம் விகிதம் எவ்வளவோ, திட்ட நிதியிலும் அவ்வளவு என்று சொல்லும் சிறப்புக்கூறுத் திட்டம் 1979இலேயே வந்தது. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் நாம் 20 சதவீதம். 2023இல் அந்த நிதியில் 1,540 கோடி ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்குத் திருப்பப்பட்டதாகப் புகார் எழுந்தது. தாழ்த்தப்பட்டோர் தேசிய ஆணையம் விளக்கம் கேட்டது. தலித் பெண்களுக்குத்தானே போகிறது என்றது அரசு. மற்ற பெண்களுக்குப் பொதுக் கஜானா, நம்ம பெண்களுக்கு மட்டும் நம்ம பங்கிலிருந்தேவா? இது இன்னா நியாயம்?

இந்த நிதியை ஒதுக்கவும் செலவழிக்கவும் 2024இல் இங்கே சட்டமே வந்துவிட்டது. அந்தப் பங்கிலிருந்து சேரியின் சின்னச் சின்ன அமைப்புகளுக்கும் கொடு என்பதே நம் கோரிக்கை.

தோழர்களே, மனுவில் ‘கருணை கூர்ந்து’ என்று எழுதாதீர்கள். சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். மானியம் வாங்கினா கோஷம் போடக் கூடாதுன்னு எவனாவது சொன்னா, காசும் எங்களது, வாயும் எங்களது என்று சொல்லுங்கள்.