பச்சை விளக்கு எதை நம்பி எரிகிறது?

தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தை இரயில்வே ஊழியர்கள் ‘பாயிண்ட்’ என்பார்கள். அங்குள்ள இரண்டு இரும்பு நாக்குகள் சற்று நகர்ந்தால் போதும், இரயிலின் பாதையே மாறிவிடும்.

இதை மேசைமேல் செய்து பார்ப்பது மாதிரி இரயில் பொழுதுபோக்கு. இன்றைய மாதிரி இரயில்கள் பலவற்றில் மின்சாரமும் கட்டளையும் ஒரே தண்டவாளத்தில் செல்கின்றன. ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஓர் எண் உண்டு. ‘5ஆம் எண்ணைத் திருப்பு’ என்று கட்டளை போனதும், அந்த எண்ணுக்குரிய டிகோடர் என்ற சிறு மின்சுற்று மோட்டாரை இயக்கும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. கட்டளை போனது வேறு, நாக்கு நகர்ந்தது வேறு. இடுக்கில் ஒரு சிறு கல் மாட்டிக்கொண்டாலும், பல கருவிகளின் திரை ‘மாறிவிட்டது’ என்றே காட்டும். ஆகவே நாக்கு போய்ச் சேரும் இடத்தில் ஒரு சுவிட்சைப் பொருத்தி, அதன் பதில் வந்த பிறகே பச்சை விளக்கு எரியுமாறு கம்பி இணைக்க வேண்டும். உண்மையான இரயில்வேயிலும் இதுதான் விதி.

அந்த இணைப்பு தவறினால் என்ன ஆகும்? 2023 ஜூன் 2ஆம் நாள், ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு இரயிலுக்கு நேர்ப்பாதையில் செல்லப் பச்சை விளக்கு எரிந்தது. பாயிண்டோ, சரக்கு இரயில் நின்றிருந்த பக்கப் பாதைக்குத் திரும்பியிருந்தது. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிக்னல் மின்சுற்றில் நடந்த தவறான கம்பி இணைப்பே காரணம் என இரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டறிந்தது.

இரயிலுக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ஓடிய இரயில் பாதையை ஜப்பானியர்கள் பெயர்த்தெடுத்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு சென்றார்கள். நம் தோட்டத் தமிழர்களும் அங்கே கொண்டு செல்லப்பட்டு ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். உடல் உழைப்பால் இரயில் பாதை போட்ட சமுதாயத்தின் பிள்ளைகள், இன்று அதை இயக்கும் மின்சுற்றையும் கற்க வேண்டாமா?

விலை உயர்ந்த மாதிரி இரயில் தேவையில்லை. ஓர் ஆர்டுயினோ பலகை, ஒரு செர்வோ மோட்டார், ஒரு சுவிட்ச், சிவப்பு, பச்சை என இரண்டு விளக்குகள், அட்டையில் வெட்டிய தண்டவாளம் ஆகியவை போதும். பள்ளி ரோபோட்டிக் கழகத்தில் ஓர் மாலையில் தொடங்கிவிடலாம். செய்து முடித்ததும் நாக்கை வேண்டுமென்றே விரலால் தடுத்துப் பாருங்கள். அப்போதும் பச்சை எரிந்தால், வேலை இன்னும் முடியவில்லை.