ஜப்பான் ரீல்ஸ்ல வர்ற 'சிவப்பு இலை' ரயில் நம்ம பக்கம் இருக்கா? சிவகாசி வழியா போற மலைப்பாதையும் இலை உதிர்ற கணக்கும்

தீபாவளி முடிந்துவிட்டால் ஏழாயிரம்பண்ணை வட்டாரமே கொஞ்சம் அமைதியாகிவிடும். பட்டாசு ஆலைகள் மூடியிருக்கும். விடியற்காலையில் ஆட்களை ஏற்றிப்போகும் வேன் வராது. வருஷம் முழுக்க ஓடியவர்கள் கையில் அப்போதுதான் நாலு நாள் ஓய்வும் ஒரு செல்போனும் சேர்ந்தாற்போல் இருக்கும். ரீல்ஸ் தள்ளினால் ஜப்பான், கனடா, அமெரிக்கா. செக்கச்செவேலென்று மரங்கள், நடுவே ஒரு ரயில், ஜன்னல் ஓரம் ஒருத்தர் காபி குடித்துக்கொண்டு.

"இந்த மாதிரி நம்ம ஊர்ல எங்கயாவது இருக்கா?" என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்புகிறது. இருக்கிறது. அதுவும் சிவகாசி ஸ்டேஷனிலேயே ஏறலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் போனால் ஒரு சிவப்பு இலைகூடக் கண்ணில் படாது.

அங்கே அக்டோபர், இங்கே ஏன் இல்லை?

இலையின் பச்சைக்குக் காரணம் பச்சையம். குளிர் நாடுகளில் செப்டம்பர், அக்டோபரில் பகல் குறையும், குளிர் ஏறும். இலையை வைத்துக் காப்பாற்றுவது மரத்துக்கு நஷ்டம். அதனால் பச்சையத்தை உடைத்து, அதிலுள்ள சத்தைத் தண்டுக்கு இழுத்துக்கொள்கிறது. பச்சை போனதும் அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. மேப்பிள் போன்ற மரங்கள் அந்தக் கடைசி நேரத்தில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியைப் புதிதாகவும் உண்டாக்குகின்றன.

நம் பக்கம் அக்டோபரில்தான் வடகிழக்குப் பருவமழையே தொடங்குகிறது. காய்ந்து கிடந்த கரிசல் காடு பச்சை கட்டுகிற நேரம். தண்ணீர் கிடைக்கும்போது எந்த மரமாவது இலையை உதிர்க்குமா? இங்கே இலையைக் கீழே தள்ளுவது குளிர் அல்ல, வறட்சி. மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் இறங்கும் தை, மாசி, பங்குனியில்தான் நம்ம ஊர் இலையுதிர்வு. வாசல் பெருக்குகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாசி, பங்குனியில் வேப்பமரத்தடியில் எத்தனை தடவை பெருக்கினாலும் சருகு தீராது.

பாடப்புத்தகத்தில் படித்த 'இலையுதிர் காலம்' என்ற சொல்தான் இந்தக் குழப்பத்துக்கு வேர். தமிழ் மரபு வருஷத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரிக்கிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இதில் இலையுதிர் காலம் என்று ஒன்றே கிடையாது. ஐப்பசி, கார்த்திகைக்குப் பெயர் கூதிர். அதாவது மழைக்குளிர்.

இன்னொரு விஷயமும் உண்டு. நம்ம ஊர்க் காட்டில் சிவப்பு என்பது பல நேரம் உதிர்கிற இலையின் நிறம் அல்ல, பிறக்கிற இலையின் நிறம். பட்டுப்புடவைக் கடையில் 'மாந்தளிர் கலர்' என்று கேட்கிறோமே, அதேதான். மேற்குத்தொடர்ச்சி மலையில் நாங்கு மரத்தின் தளிர் ரத்தச் சிவப்பாக வரும். இளம் இலையில் இருக்கும் ஆந்தோசயனின், கடும் வெயிலிலிருந்து அதைக் காக்கிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

சிவகாசியில் ஏறினால் எங்கே போகும்?

ஏழாயிரம்பண்ணையில் ரயில் கிடையாது. சாத்தூர் அல்லது கோவில்பட்டிக்குப் போனால் மதுரை - திருநெல்வேலி பாதை. சிவகாசிக்குப் போனால் விருதுநகர் - தென்காசி பாதை. மலைக்குப் போக வேண்டுமானால் இரண்டாவதுதான். 1927ல் வந்த பாதை இது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று வலதுபக்கம் மலை கூடவே வரும். செங்கோட்டை தாண்டி பகவதிபுரம் வந்ததும் கதை மாறுகிறது. சுரங்கத்துக்குள் நுழையும்போது தமிழ்நாடு, வெளியே வந்தால் கேரளா.

செங்கோட்டை - புனலூர் சுமார் 50 கிலோமீட்டர். அதைக் கடக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஏற்றம் அப்படி. சரிவில் ரயில் பின்னோக்கி இழுபடாமல் இருக்க பின்னாலும் ஒரு இன்ஜின் மாட்டித் தள்ளுவார்கள். பெட்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றக்கல், எடமண் என்று ஒவ்வொன்றும் காட்டுக்குள் ஒதுங்கிய ஸ்டேஷன். கழுதுருட்டி பக்கம் வரும் பதின்மூன்று கண் பாலம்தான் போட்டோ பிரியர்களின் இலக்கு. கீழே கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை, மேலே வளைவு வளைவாக நூறு மீட்டர் நீளத்துக்குப் பாலம்.

1904ல் மீட்டர்கேஜாகத் திறக்கப்பட்ட இந்த மலைப்பாதை, அகலப்பாதையாக்க 2010ல் மூடப்பட்டது. ஓரிரு வருஷத்தில் முடியும் என்று காத்திருந்தவர்கள் 2018 வரை பஸ்ஸில்தான் மலை ஏறினார்கள். பழைய பாலத்தை இடிக்காமல் வலுப்படுத்தி, அதன் மேலேயே அகலப்பாதை போட்டிருக்கிறார்கள்.

ஜப்பானின் கியோட்டோவில் இலை பார்க்க ஓடும் சகானோ ரயிலும் கைவிடப்பட்ட ஒரு பழைய பாதைதான். புதுப்பாதை வந்ததும் 1989ல் ஒதுக்கப்பட்டதை 1991ல் சுற்றுலாவுக்கென்றே உயிர்ப்பித்தார்கள். மொத்தமே 7.3 கிலோமீட்டர். நம்முடையது சுற்றுலா ரயில் இல்லை. சந்தைக்குப் போகிறவர், வேலைக்குப் போகிறவர், கோயிலுக்குப் போகிறவர் எல்லோரும் ஏறுகிற சாதாரண ரயில். காட்சி இலவச இணைப்பு.

சரி, எந்த இலை சிவக்கும்?

பதில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ரப்பர்.

தென்மலை தாண்டி புனலூர் வரை மலைச்சரிவில் ரப்பர் தோட்டம் வந்துகொண்டே இருக்கும். ரப்பர் வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக இலை உதிர்க்கும் மரம். டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரிக்குள் இலை மஞ்சளாகி, ஆரஞ்சாகி, செம்பு நிறமாகி விழும். வரிசையாக நட்ட ஒரே வகை மரம் என்பதால் ஒரு சரிவு முழுக்க ஒரே நேரத்தில் நிறம் மாறும். ரீல்ஸில் வருகிற காட்சிக்கு நம் பக்கம் மிக நெருக்கமானது இதுதான். கூடவே இலை கொட்டி நிற்கும் தேக்கு, இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும் இலவு.

ஆனால் அந்த அழகான வாரங்கள் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு நல்ல வாரங்கள் அல்ல. இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும்போது பால் குறையும். பல தோட்டங்களில் வெட்டையே நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. தளிர் விடும் நேரத்தில் காலம் தப்பி மழை பெய்தால் பூஞ்சை நோய் வந்து புது இலையும் கொட்டும். அப்படி ஆனால் அந்த வருஷ வருமானமே அடிவாங்கும்.

பட்டாசுத் தொழிலாளிக்கு இது புரியாத கணக்கு இல்லை. மழை பெய்தால் மருந்து காயாது. ஆலை மூடினால் சம்பளம் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு உருப்படிக் கணக்கில்தான் கூலி. தீபாவளிக்குப் பிந்திய 'லீவு' என்பதும் பலருக்குச் சம்பளமில்லாத நாட்கள்தான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை விதித்த பிறகு அந்த நாட்கள் எப்போது முடியும் என்பதே சில வருஷம் கேள்விக்குறியாக இருந்தது.

இந்த மலையில் தமிழர் கதை ஒன்றும் ஒளிந்திருக்கிறது. 1964ன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதியினருக்குப் புனலூர் வட்டாரத்தில்தான் வேலை கொடுத்தார்கள். அதற்கென்றே மத்திய, கேரள அரசுகள் சேர்ந்து நடத்தும் மறுவாழ்வுத் தோட்டக் கழகம் புனலூரில் இருக்கிறது. குளத்துப்புழை, ஆயிரநல்லூர் பகுதிகளில் அதன் ரப்பர் தோட்டங்கள். தேயிலை பறித்த கைகள் இங்கே வந்து ரப்பர் வெட்டப் பழகின. ஜன்னலில் தெரிகிற செம்பு நிறச் சரிவுகளைப் பார்க்கும்போது இதுவும் தெரிந்திருந்தால் நல்லது.

அப்போ எப்போ போகலாம்?

இங்கேதான் சிக்கல். இலை சிவக்கும் ஜனவரி, பிப்ரவரியில் பட்டாசு ஆலைகள் மறுபடி சூடுபிடித்திருக்கும். தீபாவளி லீவில் போனால் பச்சையும் மழையும் அருவியும்தான். அதுவும் மோசமில்லை, ஆனால் கேட்டது அது இல்லையே. இரண்டும் ஒத்துவருகிற ஒரே இடம் பொங்கல் லீவு. ஜனவரி நடுவில் நிறம் ஓரளவு ஏறியிருக்கும். ஆனால் மகரவிளக்கும் அப்போதே வரும். சபரிமலை, ஆரியங்காவு, அச்சன்கோவில், குளத்துப்புழை போகும் பக்தர்களால் பெட்டி நிரம்பி வழியும். கூட்டம் வேண்டாம் என்றால் பொங்கல் கழிந்து இரண்டு, மூன்று வாரம் விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ரயில் தேர்வும் முக்கியம். சென்னை எழும்பூரிலிருந்து வரும் கொல்லம் எக்ஸ்பிரஸ் சிவகாசியைத் தொடுவது நள்ளிரவு தாண்டி. மலையில் பாதி இருட்டிலேயே போய்விடும். 2023 ஆகஸ்ட் முதல் ஓடும் மதுரை - குருவாயூர் எக்ஸ்பிரஸ் முற்பகலில் மதுரையை விட்டு, விருதுநகர், சிவகாசி வழியாகப் பிற்பகல் வெளிச்சத்தில் மலை ஏறும். திரும்பி வரும்போதும் பகல்தான். ஒரே நாளில் போய்வர நினைத்தால் போகிற வண்டியும் வருகிற வண்டியும் ஒத்துப்போகாது. அதனால் புனலூரிலோ தென்மலையிலோ ஒரு ராத்திரி தங்கிவிடுவது நல்லது. நேரம் அடிக்கடி மாறும் என்பதால் கிளம்புமுன் ரயில்வேயின் அட்டவணையை ஒருதரம் பார்த்துக்கொள்ளவும்.

வீடியோ எடுக்கப் படிக்கட்டில் தொங்குகிறவர்களுக்கு: ரயில்வே சட்டம் 156வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுரங்கச் சுவர் பெட்டிக்கு எவ்வளவு பக்கத்தில் வரும் என்பது உள்ளே போன பிறகுதான் தெரியும்.

கேரளாவில் இருக்கும் சொந்தக்காரருக்கு என்று ஒரு கிஃப்ட் பாக்ஸ் பட்டாசைப் பையில் வைத்துக்கொண்டு ஏறுவதும் இந்தப் பக்கம் சகஜம். அதற்கு 164வது பிரிவு. மூன்று வருஷம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கம்பி மத்தாப்பு என்றாலும் அதே சட்டம்தான்.