சுயாதீன மதிப்பீடு: யாரிடமிருந்து? யாருக்காக?

கடன் கொடுத்தவரே அக்கடனின் பயனையும் அளந்து கூறுவாராயின், அவ்வளவுகோலை ஐயுறுவது கடன்பட்டவரின் உரிமையாகும். 1966இல் தோன்றி மணிலாவைத் தலைமையகமாகக் கொண்டியங்கும் ஆசிய அபிவிருத்தி வங்கி, இவ்வையத்தை நீக்கவே தன் மதிப்பீட்டுப் பிரிவை நிருவாகத்தினின்றும் படிப்படியாகப் பிரித்தது. 1978இல் உருவான அப்பிரிவு, 2004இல் வங்கித் தலைவரின் ஆளுகையினின்று நீங்கிப் பணிப்பாளர் சபைக்கு நேரே அறிக்கையிடலாயிற்று. பின்னர் சுயாதீன மதிப்பீட்டுத் திணைக்களம் என்னும் பெயரையும் பெற்றது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆயின், இத்துடன் சுயாதீனம் நிறைவெய்திவிட்டது என்று கூறுவோரின் கூற்று ஏற்புடையதன்று.

முதலாவதாக, நிருவாகத்தினின்று விடுபட்ட மதிப்பீடு யாரைச் சார்ந்து நிற்கின்றது? பணிப்பாளர் சபையை. அச்சபையில் வாக்கு வலுவைப் பெரிதும் நிர்ணயிப்பது மூலதனப் பங்கு. யப்பானும் ஐக்கிய அமெரிக்காவுமே மிகப் பெரிய பங்காளர்கள். வங்கியின் தலைவர்கள் அனைவரும் தொடக்கம் முதல் யப்பானியரே. ஆகவே ஊழியரிடமிருந்து பெற்ற சுதந்திரம் உடைமையாளரிடமிருந்து பெற்ற சுதந்திரமாகாது.

இரண்டாவதாக, திட்டத்தை நடத்திய பிரிவே அதன் நிறைவறிக்கையை எழுதுகின்றது. மதிப்பீட்டாளர் அதனைப் பெரும்பாலும் ஆவணங்களைக் கொண்டே சரிபார்க்கின்றனர். பொருத்தப்பாடு, பயனுறுதி, வினைத்திறன், நிலைபேறு என்னும் அளவைகள் நான்கும் தேவையானவையே. எனினும், நிலமிழந்தவனின் குரல் ஆவணத்திலேயே இடம்பெறாதபோது அளவைகள் எவ்வளவு நுட்பமாயிருந்தும் பயனென்ன?

தெற்கு அதிவேக நெடுஞ்சாலை இதற்குத் தக்க சான்று. 1999இல் வங்கி இத்திட்டத்திற்குக் கடன் அங்கீகரித்தது. வீதியின் தடம் மாற்றப்பட்டதால் வீடும் வயலும் இழக்க நேர்ந்தோர் 2004இல் வங்கியிடமே முறையிட்டனர். வங்கியின் இணக்க மீளாய்வுக் குழு, வங்கி தன் சொந்தக் கொள்கைகளையே சிலவிடங்களில் மீறியதென 2005இல் கண்டது. திட்டம் நடந்துகொண்டிருந்தபோதே இவ்வுண்மையை வெளிக்கொணர்ந்தது பாதிக்கப்பட்ட மக்களின் மனுவேயன்றி மதிப்பீடன்று.

மதிப்பீட்டின் நோக்கம் பாடங் கற்றலேயன்றித் தீர்ப்பளித்தலன்று என்பர் சிலர். நன்று, பாடங் கற்பவர் யார்? அதற்குக் கட்டணஞ் செலுத்துபவர் யார்? ஒரு திட்டம் ‘வெற்றியற்றது’ எனத் தரப்படுத்தப்பட்டாலும் கடனில் ஒரு சதமேனுங் குறைவதில்லை. 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன் மீளளிப்பை இடைநிறுத்தியபோதும், இத்தகைய பல்தரப்பு நிறுவனங்களின் கடன்கள் அவ்விடைநிறுத்தத்திற்கு உட்படவில்லை. மருந்துக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலத்தும் அக்கடன் செலுத்தப்பட்டது. தவறு வங்கியினுடையதாயினும் தண்டம் மக்களுடையதே.

எனவே கோரவேண்டியது வெறும் சுயாதீனமன்று, பொறுப்புடைமையுங்கூட. தரப்படுத்தலுக்கு முன்னர் பாதிக்கப்பட்டோர் கேட்கப்படல் வேண்டும். அறிக்கைகள் கடன்பட்ட மக்களின் மொழிகளில் அவர்தம் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படல் வேண்டும். தோல்வியின் சுமையில் கடன் கொடுத்தவரும் பங்கேற்றல் வேண்டும். இவையின்றேல், சுயாதீன மதிப்பீடென்பது கடன் கொடுத்தவர் தம் கணக்கைத் தாமே திருத்திக்கொள்ளும் அழகிய முறையாகவே எஞ்சும்.