ஸ்டீவன்ஸின் மௌனம் அழகானதா?

பிரிட்டிஷ் காலப் படங்கள் என்றால் உயிரை விடும் நண்பர்கள் எனக்கு உண்டு. "கத்தாமல், அழாமல், ஒரு பார்வையிலேயே காதலைச் சொல்லிவிடுவார்கள், அந்த அடக்கம்தான் அழகு" என்பார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் 1993இல் வந்த 'த ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே' படத்தைப் பாருங்கள். அந்த அடக்கத்தின் விலை தெரியும்.

ஸ்டீவன்ஸ் (ஆன்டனி ஹாப்கின்ஸ்) டார்லிங்டன் பிரபுவின் மாளிகையில் பட்லர். கீழே பெரிய மாநாடு நடக்கும்போது மாடியில் அவருடைய அப்பா இறந்துபோகிறார். ஸ்டீவன்ஸ் விருந்தினரைக் கவனிப்பதை நிறுத்தவில்லை. ஹவுஸ்கீப்பர் மிஸ் கென்டன் (எம்மா தாம்சன்), அவர் ஒளித்துப் படிக்கும் புத்தகம் என்னவென்று பார்க்க அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்குகிறார். அது ஒரு காதல் கதை. அவ்வளவு நெருக்கத்தில் நின்றும் ஸ்டீவன்ஸ் மனதைத் திறப்பதில்லை.

இதைச் சோகக் காதலாக மட்டும் பார்த்தால் பாதிப் படம்தான் பார்த்திருக்கிறீர்கள். நாஜி ஜெர்மனியிடம் அனுதாபம் கொண்ட பிரபு, யூதர்கள் என்பதற்காகவே இரண்டு பணிப்பெண்களை வேலையை விட்டு அனுப்பச் சொல்கிறார். கென்டன் கொதிக்கிறார், தானும் போய்விடுவேன் என்கிறார். போக்கிடம் இல்லாததால் தங்கிவிடுகிறார். ஸ்டீவன்ஸோ அந்தப் பெண்களை அனுப்பிவிடுகிறார். காதலைச் சொல்லவிடாத அதே பழக்கம்தான் அநியாயத்தையும் கேட்கவிடவில்லை.

இந்த அடக்கம் எல்லோருக்கும் சமமாகவும் இல்லை. பிரபுவுக்கு அபிப்பிராயம் இருக்கலாம், தவறான அபிப்பிராயம்கூட. ஆனால் ஒரு விருந்தினர் பொருளாதாரம் பற்றி ஸ்டீவன்ஸிடம் வேண்டுமென்றே கேள்வி கேட்டு, அவர் பதில் இல்லாமல் நிற்பதை மற்றவர்களுக்கு வேடிக்கை காட்டுகிறார். அப்போதும் ஸ்டீவன்ஸ் பணிவாகத்தான் நிற்கிறார்.

இந்தக் கதையை நாவலாக எழுதி 1989இல் புக்கர் பரிசு வாங்கிய கசுவோ இஷிகுரோ நாகசாகியில் பிறந்தவர். 5 வயதில் இங்கிலாந்துக்கு வந்தவர். வெளியிலிருந்து வந்து உள்ளே வளர்ந்தவருக்கு இது தெளிவாகத் தெரிந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நாமும் அப்படி வளர்ந்தவர்கள்தானே.

"நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று கேட்டு வளர்ந்த நமக்கு ஸ்டீவன்ஸ் அந்நியர் இல்லை. மரியாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடுத்த முறை நீங்கள் வாயை மூடிக்கொள்ளும்போது, அந்த மௌனம் யாரைக் காப்பாற்றுகிறது என்று மட்டும் யோசியுங்கள்.