பழைய பட்டுப் புடவைக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

கிழிந்த பட்டுப் புடவையைக்கூட காசு கொடுத்து வாங்குறாங்களே, ஏன்? காரணம், ஜரிகை. பட்டு நூல்மேல் வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசினால் அசல் ஜரிகை. புடவையை எரித்து, உருக்கி, வெள்ளியைப் பிரிக்கிறார்கள். 2025-ல் வெள்ளி கிலோ 1 லட்சம் ரூபாயைத் தாண்டியதால் பழைய ஜரிகையின் மதிப்பும் கூடிவிட்டது.

ஆனால், கைக்கு வருவது வெள்ளிக்கான விலை மட்டுமே. ஆரணி வட்டாரத்தில் கணவர் தறியில் உட்கார, மனைவி நூல் சுற்றித் தர, பல நாள் உழைத்து நெய்த நெசவுக்கு அதில் ஒரு பைசாகூட கிடையாது.

விற்கும் முன் ஜரிகையை லேசாகச் சுரண்டிப் பாருங்க. உள்ளே சிவப்பு நூல் இல்லாமல் வெள்ளை நூல் தெரிந்தால் போலியாக இருக்கலாம். ஜரிகையின் எடை, வெள்ளி சதவீதம், அன்றைய விலை மூன்றையும் கேளுங்க. துணி நன்றாக இருந்தால், எரிக்கக் கொடுக்காமல் பாவாடை, பை, குஷன் உறை எனத் தைத்துக்கொள்ளலாம்.