நன்கொடை விருந்தில் போத்தல் எதற்கு?



அண்மையில் தமிழ்ப்பள்ளி ஒன்றின் நிதி திரட்டும் விருந்திற்குச் சென்றிருந்தேன். மேடையில் நம் பிள்ளைகள் பரதம் ஆடினர், திருக்குறள் ஒப்பித்தனர். மேடைக்குக் கீழே, மேசைதோறும் பீர் போத்தல்கள் வரிசையாய் நின்றன. என் அருகில் இருந்த பெற்றோர் ஒருவரிடம் என் வருத்தத்தைக் கூறினேன். "மேசை நன்றாக விற்கிறது சார், ஒருநாள்தானே!" என்றார். கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த நூலைப் பிள்ளைகள் ஒப்பிக்க, நாம் போத்தலைத் திறந்துகொண்டிருந்தோம். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

'ஒருநாள்தானே' என்று எளிதாய்த் தள்ளிவிடக்கூடிய பொருளா மது? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 1988ஆம் ஆண்டிலேயே மதுவைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் எனப் பல உறுப்புகளில் புற்றுநோய் தோன்ற அது காரணமாகிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 26 இலட்சம் பேர் மதுவால் இறந்தனர் என்று அந்நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

மலேசியத் தமிழர்களாகிய நமக்கு இது புதிய செய்தியன்று. இரப்பர்த் தோட்டங்களில் கோயிலும் பள்ளியும் இருந்தது போலவே கள்ளுக்கடையும் இருந்தது. உழைப்பாளியின் கூலி அக்கடையிலேயே கரைந்தது. இதை உணர்ந்த நம் முன்னோர் வாளா இருக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. போருக்குப்பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தனர். படிப்பு வாய்ப்பு அதிகம் இல்லாத அம்மக்களுக்குப் புரிந்தது, படித்த நமக்கு ஏன் புரியவில்லை?

கள்ளுக்குப் பின் மலிவு விலைச் சம்சு வந்தது. அதனினும் கொடியது கலப்பட மது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் அண்டைப் பகுதிகளிலும் மெத்தனால் கலந்த மதுவை அருந்தி 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். உடலுக்குள் சென்ற மெத்தனாலைக் கல்லீரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது கண் நரம்பைச் சிதைக்கிறது, உயிரையும் குடிக்கிறது.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று கூற முடியாது. மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 2017 டிசம்பரில் 18இலிருந்து 21ஆக உயர்த்தப்பட்டது. 2020இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டு, குடித்துவிட்டு வாகனமோட்டி உயிர்ப்பலி ஏற்படுத்துவோருக்கு 10 முதல் 15 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கலால் வரியும் உள்ளது. ஆயினும் வரியை மட்டும் உயர்த்திவிட்டுக் கள்ளச்சந்தையைக் கண்டுகொள்ளாவிட்டால், ஏழைக் குடிகாரன் நஞ்சை நோக்கித்தான் நடப்பான்.

"அடியோடு தடைசெய்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். இந்தியாவின் பீகார் மாநிலம் 2016இல் முழு மதுவிலக்கைக் கொண்டு வந்தது. ஆனால் 2022 டிசம்பரில் அங்குள்ள சரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயம் பல பத்துப் பேரைப் பலி கொண்டது. சரி, அரசே கடை நடத்தினால் தீருமா? அவ்வாறு நடத்தும் தமிழ்நாட்டிலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் கள்ளச்சாராயத்தால் மாண்டனர். குடிக்கும் வேட்கை தணியாதவரை, தடையும் தோற்கிறது; அரசுக் கடையும் தோற்கிறது. தாய்லாந்து மற்றொரு வழியையும் சேர்த்துக் கொண்டது. மது, புகையிலை வரியின் மேல் 2 விழுக்காடு கூடுதலாகப் பெற்று, 2001 முதல் அதனை மக்கள் நலப் பரப்புரைக்கென ஒரு நிதியமாக நடத்தி வருகிறது. சட்டத்தோடு மக்களின் வழக்கமும் மாற வேண்டும் என்பதை அந்நாடு உணர்ந்திருக்கிறது.

விலையை உயர்த்துதல், எளிதில் கிடைக்காமல் செய்தல், விளம்பரத்தைத் தடுத்தல் ஆகிய மூன்றுமே சிறந்த பயன் தரும் வழிகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவற்றுள் பின்னிரண்டையும் அந்த விருந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளியின் பெயரால் மது எளிதாகக் கிடைத்தது. மது நிறுவனத்தின் சின்னம் பிள்ளைகளின் கண்முன் நின்றது. அரசு மூட முயலும் கதவை நாமே திறந்து வைக்கலாமா?

பண நெருக்கடியை நான் அறியாதவன் அல்லேன். பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்குக் கூரை ஒழுகினாலும் நன்கொடைதான் வழி. மது நிறுவனங்களின் நன்கொடையைப் பள்ளிகள் பெறலாமா என்று 2024இல் நாடெங்கும் விவாதம் எழுந்தபோது, இருதரப்பிலும் நியாயம் பேசப்பட்டது. போத்தல் இல்லையென்றால் சில மேசைகள் விற்காமல் போகலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த இழப்பை உணவுச் சந்தையாலும் நெடுநடையாலும் ஓரளவு ஈடுசெய்ய முடியும். முழுமையாக ஈடுசெய்ய இயலாவிட்டாலும், அந்த இழப்பு தாங்கத் தக்கதே.

ஏனெனில் திங்கட்கிழமைக் காலையில் வகுப்பில் மேசைமேல் தலைசாய்த்து உறங்கும் பிள்ளையை நாம் அறிவோம். இரவெல்லாம் வீட்டில் சண்டை, அதனால் உறக்கமில்லை. அந்தப் பிள்ளைக்குக் குடியில்லாத இடமாக எஞ்சியிருப்பது பள்ளி ஒன்றுதான். அதையும் நாம் பறிக்கலாகாது.

எனவே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானத்தை முன்மொழியுங்கள்: பள்ளியின் பெயரால் நடக்கும் எந்த நிகழ்ச்சியிலும் மது இல்லை. பெற்றோர்களே, கடைக்குப் போய்ப் போத்தல் வாங்கிவரப் பிள்ளையை அனுப்பாதீர்கள். குடியை விட முடியாமல் தவிப்பவரை இகழாதீர்கள். அரசு சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். ஆசிரியர்களே, குடிகாரர் வீட்டுப் பிள்ளையை மற்றவர் முன்னிலையில் அடையாளங்காட்டாதீர்கள்.

தோட்டத்து முன்னோர் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தனர். நம் பள்ளி வாசலில் நாம் ஒரு மறுப்பேனும் சொல்லக் கூடாதா? சிந்திப்போம்.